கை நன்றாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்

திருப்பூரில் இயன்முறை சிகிச்சை அறை நடத்துகிறவளிடம் முதுகு வலியும் கழுத்து வலியும்தான் அதிகம் வரும் என்று வெளியூர்த் தோழிகள் நினைக்கிறார்கள். அவையும் வருகின்றன. ஆனால் என் நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்பவை கைகள்தாம். பவர் டேபிள் டெய்லர்கள், ஓவர்லாக் ஓட்டுகிறவர்கள், கைமடிக்கிறவர்கள், பிசிறு வெட்டுகிறவர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள், கட்டிங் மாஸ்டர்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்களுக்காகவே இரவு பத்து மணி வரை அறையைத் திறந்து வைத்திருக்கிறேன்.

இந்த ஊரில் துணிக்கு இல்லாத அளவே கிடையாது. ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) பார்க்கிறோம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுகிறோம், துவைத்த பிறகு எவ்வளவு சுருங்குகிறது என்று சோதிக்கிறோம். அந்தத் துணியைப் பிடித்துத் தைக்கும் கையில் எத்தனை கிலோ வலு இருக்கிறது என்பதைக் கை கெட்டுப்போன பிறகே அளக்கிறோம். இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுதான் காரணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வலி எதுவும் இல்லாத ஒரு நாளில், ஒவ்வொரு தொழிலாளியின் கைப்பிடி வலுவையும் விரல்பிடி வலுவையும் ஒருமுறை அளந்து, ஒரு தாளில் எழுதி, அவரிடமே கொடுத்துவிட வேண்டும். கால் மணி நேர வேலை. பிற்பாடு என்ன செலவு செய்தாலும் அந்த எண்ணைத் திரும்பப் பெற முடியாது.

என் மேசையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று கைப்பிடி வலுவை அளக்கும் ஜாமர் டைனமோமீட்டர். பிடியின் அகலத்தை மாற்றிக்கொள்ளும்படி அமைந்த இந்தக் கருவியைப் பற்றி அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பெக்டால் 1954இல் எழுதினார். இன்றும் கைச் சிகிச்சையாளர்கள் மற்றக் கருவிகளை இதோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறார்கள். உள்ளே எண்ணெய் அடைத்த சிறு உருளை. பிடியை அமுக்கினால் எண்ணெயின் அழுத்தம் வட்ட முகப்பில் முள்ளை நகர்த்தும். முகப்பில் கிலோவுக்கும் பவுண்டுக்கும் தனித்தனி வட்டங்கள். கிலோவில் 90 வரை போகும். இன்னொரு முள் எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடுவதால், கையை எடுத்த பிறகும் நிதானமாகப் படிக்கலாம். பிடியை ஐந்து நிலைகளில் வைக்கலாம். பெரும்பாலோருக்கு இரண்டாம் நிலை ஒத்துவரும். நடைமுறையில் உள்ள சராசரி வலு அட்டவணைகளும் அந்த நிலையில் எடுத்தவையே. மிகச் சிறிய கை கொண்ட பெண்கள் சிலருக்கு முதல் நிலையும் வைத்துப் பார்ப்பேன். எந்த நிலையில் எடுத்தேன் என்பதைத் தவறாமல் எழுதுவேன். அது எழுதாத எண்ணால் பயனில்லை.

இரண்டாவது கருவி விரல்பிடி வலுவை அளக்கும் பிஞ்ச் கேஜ். உள்ளங்கையில் அடங்கும். இரண்டு தகடுகளை விரல்களால் நெருக்கினால் முள் நகரும். ஊருக்குள் டைனமோமீட்டர் வைத்திருக்கிற இடங்கள் சில உண்டு. பிஞ்ச் கேஜ் வைத்திருக்கிற இடம் அபூர்வம். பனியன் தொழிலுக்கு இந்தச் சின்னக் கருவிதான் முக்கியம் என்பது என் கட்சி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பாதிக் கோளாறு நடக்கிறது. அமெரிக்கக் கைச் சிகிச்சையாளர் சங்கம் 1981இல் பரிந்துரைத்த நிலையைத்தான் நானும் பின்பற்றுகிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் படிய வேண்டும். மேல்கை விலாவோடு ஒட்டியிருக்க, முழங்கை செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். முன்கை எந்தப் பக்கமும் திரும்பாமல் கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும். மணிக்கட்டு நேராக, அல்லது புறங்கைப் பக்கமாக 30 பாகைக்குள் வளைந்து இருக்கலாம். மணிக்கட்டு உள்பக்கம் மடங்கக் கூடாது. ஏன் என்று இப்போதே சோதித்துப் பாருங்கள்: மணிக்கட்டை உள்பக்கமாக முழுவதும் மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்குங்கள். விரல்கள் சரியாக மூடக்கூட மாட்டா. விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் நாண் தொய்ந்துவிடுகிறது, தசை சுருங்கியும் பயனில்லாமல் போகிறது. வேலையிடத்தில் மேசை உயரம் சரியில்லாமல் மணிக்கட்டை மடக்கியபடி நாள் முழுவதும் துணியைப் பிடிக்கிறவர் தேவையைவிட அதிக வலுவைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அளவுக் கருவி சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான்.

கருவியின் எடை அவர் கையில் விழாமல் அடியில் லேசாகத் தாங்கிக்கொள்வேன். “அமுக்குங்கள், இன்னும், இன்னும், விடுங்கள்.” எல்லோருக்கும் இதே சொற்கள், இதே சத்தம். உரக்கச் சொன்னால் முள் கூடுதலாகப் போகும் என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் நமக்குப் பிடித்தவரை உற்சாகப்படுத்துவதும் மற்றவரை முணுமுணுப்போடு விடுவதும் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். ஒவ்வொரு கையிலும் மூன்று முறை, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு. மூன்றையும் எழுதி சராசரி எடுக்கிறேன். ஒரே ஒரு முறை எடுப்பதைவிட மூன்றின் சராசரி நம்பகமானது என்று அமெரிக்க ஆய்வாளர் வர்ஜில் மாத்தியோவெட்ஸும் அவருடைய குழுவினரும் 1984இல் காட்டினார்கள். பிரிட்டனில் சவுத்தாம்ப்டன் முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கைகளிலும் எடுத்த ஆறு அளவுகளில் உச்சத்தை எடுப்பார்கள். எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம், ஆனால் ஒருவருக்கு ஒரு முறையில் தொடங்கினால் கடைசி வரை அதே முறைதான்.

வேலை முடிந்து வரும் கையை நான் அடிப்படை அளவுக்கு எடுத்துக்கொள்வதில்லை. களைத்த கை குறைத்துக் காட்டும்.

இனி விரல்பிடி. மூன்று வகையாக அளக்கிறோம். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்வது நுனிப்பிடி. கட்டைவிரலின் சதைப்பகுதி ஆள்காட்டி, நடுவிரல் இரண்டின் சதைப்பகுதியோடு சேர்வது மூவிரல் பிடி. சாவியைப் பூட்டில் திருப்பும்போது பிடிப்பதைப் போல, கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்துவது சாவிப்பிடி. ஊசியில் நூல் கோப்பது நுனிப்பிடி. பிசிறு வெட்டும் சிறு கத்தரியை அமுக்குவதும், லேபிளைப் பிடித்து வைத்துத் தைப்பதும் பெரும்பாலும் மூவிரல் பிடி. துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்து மடிக்கிற கைமடிக்காரர் நாள் முழுவதும் செய்வது சாவிப்பிடி. இவர்களில் யாரும் ஜாமரை அமுக்குவதைப் போல முழுக் கையால் எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. கட்டிங் மாஸ்டர் பிடிக்கிறார், அயர்ன் மாஸ்டர் பிடிக்கிறார். மற்றவர்களின் சம்பளம் விரல்நுனியில் இருக்கிறது. அப்படியிருக்க, ஜாமரில் மட்டும் அளந்துவிட்டு “கை நன்றாகத்தான் இருக்கிறது” என்று ஒரு செக்கிங் பெண்ணைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பொறுக்காது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய பெண், பல ஆண்டுகளாகப் பிசிறு வெட்டும் வேலை. இரவில் வலது கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது, உதறினால் சரியாகிறது என்று வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கே கைப்பிடியை மட்டும் அளந்து, குறை ஒன்றும் இல்லை, சத்துமாத்திரை சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என்னிடம் வந்தபோது, “டாக்டரம்மா, எனக்கு நோய் இருக்கிறதா, இல்லை நான்தான் பெரிதுபடுத்துகிறேனா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்” என்றார். “அக்கா, முதலில் இரண்டு கையையும் பார்த்துவிடலாம்” என்று உட்கார வைத்தேன்.

ஜாமரில் வலது 23 கிலோ, இடது 22. பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. பிஞ்ச் கேஜை எடுத்தேன். மூவிரல் பிடியில் இடது கை 5.4 கிலோ. வலது 3.8. வலக்கைப் பழக்கம் உள்ளவர், அதிலும் அந்தக் கையால் மட்டுமே கத்தரி பிடிக்கிறவர். இடதைவிட வலது கூடுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். மூன்றாவது முறை அமுக்கும்போது கட்டைவிரலின் அடிச்சதை நடுங்கியது. அந்தச் சதையை விரலால் தொட்டுப் பார்த்தேன். இடது கையில் திரண்டிருந்த இடத்தில் வலது கையில் மெலிதாக ஒரு தட்டை.

காரணம் மணிக்கட்டில் இருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கம் ஓர் இறுகிய நார்ப்பட்டைக்கு அடியில் குறுகலான பாதை ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் கையின் நடுநரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டுதான் போகின்றன. அங்கே வீங்கினால் நசுங்குவது நரம்பு. ஆனால் முழுக் கையால் இறுக்கிப் பிடிக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன; அவற்றுக்கான நரம்புக் கிளைகள் மணிக்கட்டுக்கு வெகு முன்பே பிரிந்துவிடுகின்றன. நெருக்கடியைத் தாண்டிப் போகும் கிளை கட்டைவிரலின் அடிச்சதைக்குத்தான் போகிறது. ஆகவே கைப்பிடி நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிராக நிறுத்தும் வலு முன்னதாகவே சரியும். பிஞ்ச் கேஜ் காட்டியது அதைத்தான்.

அந்த அக்காவிடம் அவர் பயன்படுத்தும் கத்தரியைக் கொண்டுவரச் சொன்னேன். கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். விரல் படும் இடத்தில் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். வில்லின் இடுக்கில் பஞ்சு அடைத்துத் துரு ஏறியிருந்தது. நான் அமுக்கும்போதே கட்டைவிரல் மூட்டு வலித்தது. விரல்நுனியில் ஒரு கிலோ விசை கொடுத்தால் கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ விசை விழுகிறது என்று கூனி, சாவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சட்டைக்கு எத்தனை பிசிறு, ஒரு நாளைக்கு எத்தனை சட்டை என்பதைப் பனியன் கம்பெனியில் இருக்கிற நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரியின் வில் கொஞ்சம் இளகுவதால் கைக்கு எவ்வளவு மிச்சமாகும் என்பதை எந்த மருந்துச் சீட்டாலும் ஈடுசெய்ய முடியாது.

நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். நரம்புக் கடத்தல் பரிசோதனை ஐயத்தை உறுதி செய்தது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, புதுக் கத்தரி, சூப்பர்வைசரிடம் பேசி நாளின் பாதியில் பேக்கிங் வேலைக்கு மாற்றம் என்று தொடங்கினோம். இப்போது மூவிரல் பிடி 4.7 வரை ஏறியிருக்கிறது, இரவில் தூக்கம் கலைவதில்லை. இது முழுமையாகத் தேறிய நிலையா, பாதியா? அவர் கை நன்றாக இருந்த காலத்தில் அந்த எண் 5.5ஆக இருந்ததா, 6.5ஆக இருந்ததா என்று தெரிந்தால் பதில் சொல்லலாம். யாரும் அளந்து வைக்கவில்லை. அறுவை சிகிச்சை வேண்டுமா, காத்திருக்கலாமா என்ற முடிவை இந்த எண் தெரியாமலேதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அயர்ன் மாஸ்டர்களின் கதை வேறு. அவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும். டென்னிஸ் எல்போ என்று எழுதித் தருவார்கள். டென்னிஸ் மட்டையைத் தொட்டிராத அண்ணன்கள் அந்தத் தாளைப் பார்த்து விழிப்பார்கள். முழங்கையை மடக்கி முறைப்படி அளந்தால் பிடி நன்றாகவே இருக்கும். அதே கையை முழங்கை நீட்டி அளந்தால் முள் சட்டென்று இறங்கிவிடும். முஷ்டியை இறுக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் மடங்கிவிடாமல் பின்னால் இழுத்துப் பிடிப்பவை முழங்கையின் வெளிப்பக்கத்திலிருந்து கிளம்பும் தசைகள். நோவு அங்கேதான். இஸ்திரிப் பெட்டியைத் தள்ளும்போது கை நீண்டிருக்கிறது அல்லவா, அந்த நிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும். இத்தகையவர்களுக்கு முழு வலுவையும் கேட்காமல், வலி தொடங்கும் வரை மட்டும் அமுக்கச் சொல்லி அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறேன். தேறுவதை அது சீக்கிரம் காட்டுகிறது.

அடுத்து அட்டவணைகள். இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. உலகமெங்கும் எடுத்துக்காட்டப்படும் அட்டவணை மாத்தியோவெட்ஸ் குழுவினர் 1985இல் வெளியிட்டது. அமெரிக்காவின் மில்வாக்கி நகர வட்டாரத்தில் 20 வயது முதல் 94 வயது வரை 638 பேரை அளந்தார்கள். அருமையான வேலை, கைப்பிடி, மூன்று வகை விரல்பிடி, இரண்டு கை, வயது வாரியாக எல்லாம் இருக்கிறது. அதில் 25 முதல் 29 வயதுப் பெண்களின் வலது கைப்பிடி சராசரியாக 34 கிலோவை ஒட்டி வருகிறது, அதே வயது ஆண்களுக்கு 55ஐ ஒட்டி. என்னிடம் வரும் அதே வயதுப் பெண்களில், எந்த நோவும் இல்லாதவர்கள்கூட, 22 முதல் 26க்குள்தான் அதிகம். மில்வாக்கி அட்டவணையை வைத்துப் பார்த்தால் ஊரில் பாதிப் பெண்களை நோயாளி என்று எழுத வேண்டியிருக்கும். பல நாடுகளில் அளந்த பியூர் ஆய்வும் 2016இல் இதைத்தான் காட்டியது: தெற்காசியர்களின் கைப்பிடி ஐரோப்பிய, வட அமெரிக்க மக்களுடையதைவிடக் குறைவு. உயரம், உள்ளங்கை அகலம், சிறு வயதில் கிடைத்த சாப்பாடு எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன.

அதே பியூர் ஆய்வின் 2015ஆம் ஆண்டுக் கட்டுரையால்தான் கைப்பிடி திடீரென்று செய்தித்தாள் வரை வந்தது. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேர். கைப்பிடி 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. பிடியை ஏற்றிவிட்டால் ஆயுள் ஏறிவிடும் என்று அதற்குப் பொருள் இல்லை. உடம்பின் பொதுநிலையைக் கை காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. முதியோரின் தசை இழப்பைக் கண்டறிய ஆசியக் குழு 2019இல் வகுத்த எல்லைக்கோடு ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18. அதை எடுத்து முப்பது வயது டெய்லர் பெண்ணுக்குப் பொருத்தி, “19 இருக்கிறது, பாஸ்” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கான கோடு அது. தினமும் பத்து மணி நேரம் கையால் உழைக்க வேண்டிய இளம்பெண்ணுக்கு அது எதையும் சொல்லாது.

வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது கை இடதைவிடப் பத்து சதவீதம் வலுவாக இருக்கும் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகவே வரும். இரண்டு கையாலும் ஒரே அளவுக்குத் துணி தள்ளும் டெய்லர்களிடமும் நான் பெரிய வித்தியாசம் பார்த்ததில்லை. மற்றக் கையோடு ஒப்பிடுவதும் இரண்டு கையும் சேர்ந்து கெட்டுப்போகும் தொழிலில் முழுப் பதில் தராது. ஒருவருக்குச் சரியான அட்டவணை அவருடைய பழைய கைதான்.

இனி சொல்லப்போவது எனக்கு வருத்தம் தந்த விஷயம். ஒரு கம்பெனியிலிருந்து அழைத்து, புதிதாகச் சேர வந்திருக்கிறவர்களை அளந்து, 25 கிலோவுக்குக் கீழே இருக்கிறவர்களைத் தனியாகக் குறித்துத் தரும்படி கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். கைப்பிடி 20 இருக்கும் பெண் தைக்கும் வேகத்தில் 30 இருப்பவரைத் தாண்டிவிடுவாள். தையலுக்கு வேண்டியது பழக்கமும் விரல் நுணுக்கமும். ஆள் கழிக்கப் பயன்படுத்தினால் அந்தக் கருவியைக் கண்டாலே தொழிலாளிகள் பயப்படுவார்கள், வலி வந்தாலும் மறைப்பார்கள். தாள் அவரவரிடம்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

இன்னொரு தவறான பயன்பாடும் உண்டு. ஜாமரின் ஐந்து நிலைகளிலும் அளந்தால், முழு முயற்சியோடு அமுக்குகிறவரின் எண்கள் முதல் நிலையில் குறைந்து, நடுவில் ஏறி, கடைசியில் இறங்கும். வேண்டுமென்றே குறைத்து அமுக்குகிறவருக்கு ஐந்தும் ஒன்றுபோல வரும் என்று சொல்லி, நடிக்கிறாரா என்று கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். வலியால் பயந்து அமுக்குகிறவருக்கும் ஐந்தும் ஒன்றுபோல வரலாம். கை மிகவும் பலவீனமாக இருப்பவருக்கும் வரலாம். ஒரு கோட்டின் வளைவை வைத்து ஒரு தொழிலாளியைப் பொய்யர் என்று எழுத எனக்கு மனம் வராது.

இழப்பீடு என்று வரும்போதுதான் பழைய எண் இல்லாத குறை மிகக் கடுமையாகத் தெரிகிறது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்றது, இரண்டு விரல்கள் போனால் 20 சதவீதம். விரல் எல்லாம் இருந்து வலு மட்டும் போனால்? அதற்கு அந்த அட்டவணையில் வரிசை இருக்கவில்லை. இழப்பு எவ்வளவு என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். விரலில் ஊசி ஏறி, சீழ் பிடித்து, ஆறிய பிறகு விறைத்துப்போன ஆள்காட்டி விரலோடு வருகிறவர்களை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். விரல் இருக்கிறது, நுனிப்பிடி 2 கிலோகூட இல்லை. முன்பு 5 கிலோ இருந்தது என்று காட்ட ஒரு தாள் இருந்தால் மதிப்பிடுகிற மருத்துவரின் கையும் பலப்படும், தொழிலாளியின் வழக்கும் பலப்படும்.

கையை இப்படி வேலையோடு சேர்த்துப் பார்ப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயால் விரல் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். நோய் குணமானாலும் கையால் பிழைக்க வழியில்லாவிட்டால் என்ன பயன் என்ற கேள்வியிலிருந்து கிளம்பிய வேலை அது. நிமிர்த்திய கைகளுக்குத் தச்சு வேலை பழக்கும் இடம்கூட அங்கே இருந்தது. என் தொழிலில் யாரையாவது முன்னோடி என்று கைகாட்ட வேண்டுமானால் அவரைத்தான் காட்டுவேன்.

கருவி இல்லாதவர்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஒன்று. ஒரு தாளை இரண்டு கைகளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் இழுங்கள். இரண்டு கட்டைவிரல்களும் நேராகவே இருந்து தாளைப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரலின் மேல்மூட்டு மடங்கிக்கொண்டால், சுண்டுவிரல் பக்க நரம்பு பலவீனமாக இருக்கலாம். பிரெஞ்சு நரம்பியலாளர் ஜூல் ஃப்ரோமோ முதல் உலகப் போர்க் காலத்தில், 1915இல் விவரித்த சோதனை. மடங்கினால் பயப்பட வேண்டாம்; தள்ளிப்போடவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

கம்பெனியின் முதலுதவி அறையில் இருக்கும் நர்ஸ் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் ஜாமர் இல்லாவிட்டாலும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கிறது. அதன் பட்டையைச் சுருட்டி, 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை காற்றடைத்து, அமுக்கச் சொல்லி முள் எவ்வளவு ஏறுகிறது என்று எழுதலாம். மூட்டுவாதக் கைகளுக்கு நெடுங்காலமாகச் செய்கிற முறைதான். அதே பட்டை, அதே சுருட்டு, அதே தொடக்க அழுத்தம் என்றால் ஒருவரை அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடலாம். வலுவான கைகளுக்கு முள் எல்லையைத் தொட்டுவிடும், அங்கே இது உதவாது. இந்த எண்ணைக் கிலோவாக மாற்றவும் முயல வேண்டாம்.

தாளில் எழுத வேண்டியவை: தேதி, நேரம், எந்தக் கைப் பழக்கம், உயரம், செய்யும் வேலை, கருவியின் பெயர், பிடி நிலை, ஒவ்வொரு கையிலும் மூன்று கைப்பிடி எண்கள், மூன்று வகை விரல்பிடிக்கும் மும்மூன்று எண்கள், அன்று எங்காவது வலி இருந்ததா என்பது. ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுத்தால் போதும். ஒரு கிலோ, இரண்டு கிலோ கைப்பிடியில் ஏறி இறங்குவது இயல்பு. அதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. ஐந்து, ஆறு கிலோ இறங்கினால், அல்லது விரல்பிடி மட்டும் தனியாக இறங்கினால் உடனே வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த அடிப்படை அளவை எடுப்பதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை. வருகிறவர்கள் மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக வர வேண்டாம். வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும், பன்னிரண்டு மணி வரை இருப்பேன்.